கையுவான் கோயிலுக்குப் போனால் பின்பக்கமும் போங்கள்

கேள்வி: மகன் சீனாவில் ஷியாமென் நகரத்தில் வேலை பார்க்கிறான். இரண்டு வாரம் அவனோடு இருக்கப் போகிறோம். பழைய புத்தர் கோயில் ஒன்றையாவது பார்க்க ஆசை. எதைப் பார்க்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: யோசிக்கவே வேண்டாம், சுவான்சோவில் இருக்கும் கையுவான் கோயிலுக்குப் போங்கள். ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம்தான். டிக்கெட் எடுக்கும்போது மட்டும் கவனம், குவாங்சோ என்பது வேறு ஊர், மாகாணமே வேறு.

686இல் ஒருவருடைய முசுக்கொட்டை (மல்பெரி) தோட்டத்தில் எழுந்த கோயில் இது. நிலம் கேட்டு வந்த துறவியிடம், இந்த மரங்களில் வெள்ளைத் தாமரை பூத்தால் தருகிறேன் என்று அவர் சொல்ல, சில நாளில் பூத்தேவிட்டதாம். அந்த மரம் இதுதான் என்று ஒரு கிழட்டு முசுக்கொட்டையை இன்றும் காட்டுகிறார்கள். முன்னால் கிழக்கிலும் மேற்கிலும் 13ஆம் நூற்றாண்டுக் கல் கோபுரங்கள் இரண்டு. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர் உயரம். 1604இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில்கூட இரண்டும் விழவில்லை.

சரி, இந்தக் கோயிலை ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், பலர் பெரிய மண்டபத்தில் ஐந்து புத்தர்களைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே பதினாறு பட்டைத் தூண்கள் இரண்டு நிற்கின்றன, அவற்றில் நரசிம்மர் இரணியன் வயிற்றைக் கிழிக்கிறார், இன்னொரு பக்கம் கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கிறான்! புத்தர் கோயிலுக்குள் இவர்கள் எப்படி வந்தார்கள்? அந்தக் காலத்தில் சுவான்சோ உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று, தமிழ் வணிகர்கள் அங்கேயே தங்கி வியாபாரம் செய்தார்கள், சிவனுக்குக் கோயிலும் கட்டினார்கள். மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் சீனாவை ஆண்ட காலத்தில், 1281இல், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, அதன் கடைசியில் சீன எழுத்தும் உண்டு. பிறகு அந்தச் சிவன் கோயில் அழிந்துபோயிற்று. மிங் அரசர்கள் காலத்தில் கையுவானைப் புதுப்பித்தவர்கள் அந்தக் கற்களை வீசிவிடாமல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கும்பகோணத்தில் இருந்து போகிற உங்களுக்கு அந்தத் தூண்களின் வேலைப்பாடு யாரும் சொல்லாமலே புரியும். அப்புறம், அதே ஊரிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இதுபோல இன்னும் நிறைய கற்கள் இருக்கின்றன, அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: அங்கே கோயிலுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகர், மதுரை

பதில்: கழற்ற வேண்டாம். ஆனால் வாசற்படியை மிதிக்காமல் தாண்டித்தான் போக வேண்டும். ஊதுவத்தியை வெளியே இருக்கும் பெரிய தூபக் கலசத்தில் ஏற்றுங்கள், மூன்று போதும். மண்டபத்துக்குள் புத்தரைப் படம் எடுக்காதீர்கள், மனம் வருந்துவார்கள். சாப்பாட்டுக்கு 'வோ ச்சர் சூ' என்று சொன்னால் போதும், நான் சைவம் என்று அர்த்தம். பௌத்த சைவக் கடைகளில் வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள். தட்டில் கறி மாதிரி ஏதாவது வந்தால் பயப்படாதீர்கள், அது சோயாவிலோ கோதுமையிலோ செய்ததுதான்.