ஸ்கூபா பயிற்சியில் காற்று தீர்ந்தால் பதறாமல் இருக்க எப்படிப் பழக்குகிறார்கள்?

வாயால் சொன்னால் மட்டும் இது வராது. காற்று நிற்பது எப்படி இருக்கும் என்பதை நீச்சல் குளத்திலேயே உணர வைத்துவிடுவார்கள். பயிற்றுநர் மாணவரின் சிலிண்டர் வால்வை மெதுவாக மூடுவார். காற்று சட்டென்று நிற்காது. இழுக்க இழுக்க இறுகும். அது தெரிந்ததும் கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோல் அசைத்துக் காட்ட வேண்டும். உடனே வால்வைத் திறந்துவிடுவார். அப்புறம் கூட மூழ்கும் துணைவரின் மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாங்கி மூச்சுவிடும் பயிற்சி.

ரெகுலேட்டர் பழுதானால் காற்று அடைத்துக்கொள்ளும் என்றுதான் பலருக்குப் பயம். பெரும்பாலும் நடப்பது நேரெதிர்: பழுதானாலும் காற்றைக் கொட்டும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள். உதட்டைத் தளர்த்தி, மிகுதியை வெளியே விட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்சலாம். 'பாடி' (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் தொடக்கநிலைப் பயிற்சியில் இப்படி 30 விநாடியாவது மூச்சுவிட்டுக் காட்ட வேண்டும்.

துணைவர் எட்டாத தூரத்தில் இருந்தால்? "ஆ..." என்று ஒலி எழுப்பியபடியே மேலே வர வேண்டும். மூச்சை அடக்கினால் ஆபத்து: 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேற்பரப்புக்கு வருவதற்குள் இருமடங்காக விரியும்.

பதற்றத்துக்கு உடல் காரணமும் உண்டு. மேலோட்டமாக, வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு தேங்கி, காற்று இருந்தும் மூச்சு முட்டும். அதனால்தான் "நில், நீளமாக மூச்சை வெளியே விடு, அப்புறம் யோசி" என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இத்தனைக்கும் மேல் சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் அழுத்தமானியை அடிக்கடி பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். 200 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) இறங்கினால், 50 பார் மிச்சமிருக்கும்போதே மேலே வந்திருக்க வேண்டும். நல்ல பயிற்றுநர் நடுநடுவே சைகையில் அளவு கேட்டுக்கொண்டே இருப்பார்.