இயற்கையை வரைந்த மர அச்சுக் கலைஞர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

தாமஸ் பியூவிக். வட இங்கிலாந்தில், டைன் ஆற்றுப் பக்கம் செர்ரிபர்ன் என்ற பண்ணை வீட்டில் 1753இல் பிறந்தவர். சிறு வயதில் காகிதம் கிடைக்காதபோது கல்லறைக் கற்களிலும் தேவாலய வாசல் தரையிலும் சாக்பீஸால் படம் போட்டவர். 14 வயதில் நியூகாசிலில் ரால்ஃப் பெயில்பி என்ற செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். வெள்ளிச் சாமானில் எழுத்து வெட்டுவது போன்றவைதான் அந்தப் பட்டறையின் அன்றாட வேலை. பெயில்பிக்கு மரத்தில் செதுக்கப் பிடிக்காது. அதனால் அந்த வேலையெல்லாம் பையனிடம் வந்தது. கலைக்கு அது நல்லதாகப் போயிற்று.

மரத்தை நீளவாக்கில் அறுத்தால் நார் உளியை இழுக்கும். பியூவிக் பாக்ஸ் என்ற கடினமான மரத்தின் குறுக்கு வெட்டு முகத்தில், உலோகத்தில் செதுக்கும் கூர் உளியால் வேலை செய்தார். அங்கே கோடு எந்தப் பக்கமும் வளையும். வெட்டிய இடத்தில் மை படாது. அதனால் அவர் வரைந்ததெல்லாம் வெள்ளைக் கோடுகள், கரும்பலகையில் எழுதுவது போல. ஒரு சிறகின் மென்மையை இப்படி இருட்டிலிருந்து வெளியே எடுப்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. தூரத்து மரங்கள் மங்கலாகத் தெரிய வேண்டுமா? கட்டையில் அந்த இடத்தை மட்டும் இம்மியளவு சுரண்டித் தாழ்த்துவார். அழுத்தம் குறைந்து மை வெளிறிவிடும்.

மரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்துக்குத் தனி அச்சு இயந்திரம் வேண்டும். மரக்கட்டையை அச்செழுத்துகளோடு சேர்த்து ஒரே தடவையில் அடித்துவிடலாம். படமும் பாடமும் ஒரே பக்கத்தில் வந்தன.

1790இல் நாலுகால் விலங்குகள் பற்றிய நூல். நேரில் பார்க்காத விலங்குகள் அதில் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும். பறவைகள் நூலுக்காக 1791இல் விக்ளிஃப் என்ற ஊருக்குப் போய்ப் பஞ்சடைத்த பறவைகளை வரைந்தார். அவற்றில் உயிர் இல்லை என்று உணர்ந்து, உயிருள்ள பறவைகளையும் அப்போதுதான் சுட்டு வீழ்த்தியவற்றையும் பார்த்தே வரைய முற்பட்டார். நிலப் பறவைகள் தொகுதி 1797இல், நீர்ப் பறவைகள் 1804இல் வந்தன.

அப்புறம், பக்கத்தின் அடியில் மிஞ்சும் இடத்தில் அவர் வைத்த குட்டிப் படங்கள்! பாலத்துச் சுங்கக் காசை மிச்சம் பிடிக்க, மாட்டின் வாலைப் பிடித்து ஆற்றைக் கடக்கிறான் ஒருவன். அவன் தொப்பி தண்ணீரோடு போகிறது. கட்டைவிரல் நீளப் படத்தில் முழுக் கதை. பறவைகளைவிட இவற்றுக்காகவே நான் அந்த நூலைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன்.

1827இல் பறவை ஓவியர் ஆடுபான் இவரைத் தேடி வந்து சந்தித்தார். மறு ஆண்டு பியூவிக் காலமானார். பின்னர் ஒரு அன்ன இனத்துக்கே அவர் பெயர் வைத்தார்கள். நூல்களின் ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1797 தொகுதியில் தொடங்குங்கள், படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.