எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு

கேள்வி: புளியங்குடி பக்கம் ஒரு ஏக்கரில் எலுமிச்சை நட்டு இரண்டு வருடமாகிறது. தளிரெல்லாம் நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக் கோடு விழுந்து சுருண்டுவிடுகிறது. கடையில் கொடுத்த மூன்று மருந்தைக் கலந்து இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. சுருண்டதைக் கிள்ளிவிடலாமா? இன்னும் வீரியமான மருந்து எது? கன்றுகள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கன்று போகாது. கிள்ளவும் வேண்டாம், கிள்ளிய இடத்தில் நாலு தளிர் வெடிக்கும், இந்தக் கோட்டைப் போடும் இலைத்துளைப்பான் புழுவுக்கு வேண்டியதே தளிர்தான். முற்றிய இலையை அது தொடாது.

தாய் அந்துப்பூச்சி இரண்டு மில்லிமீட்டர் நீளம்தான். பொழுது சாய்ந்தபின் வந்து தளிரின் அடியில், நடுநரம்பை ஒட்டி முட்டை வைக்கும். பொரித்த புழு நேராக இலைத்தோலுக்குள் போய்விடும். ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் நடுவே கறுப்பாக ஓடுவது எச்சம்; கோடு முடியும் இடத்தில் மஞ்சளாகத் தெரிவது புழு. இலை விளிம்பு மடிந்திருந்தால் அதற்குள் கூட்டுப்புழு. வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த அந்து பறந்துவிடும். தோலுக்கடியில் கிடக்கும் புழுமேல் பெரும்பாலான மருந்து படாது. அதைத் தின்னும் குட்டிக் குளவிகள்தான் சாகும். கோட்டுக்குள் புழு காய்ந்து, பக்கத்தில் சின்னக் கறுப்புக் கூடு இருந்தால் அது குளவி செய்த வேலை. அங்கே மருந்தே அடிக்காதீர்கள்.

ஓயாமல் தளிர் ஏன் வருகிறது என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று எழுதவே இல்லை. கடைக்காரர் கொடுத்த மூன்று டப்பாவையும் எடுத்துப் படியுங்கள், ஒன்று டானிக்காக இருக்கும். தளிரை வரவைக்க ஒன்று, அதைத் தின்னும் புழுவுக்கு இரண்டு என்று ஒரே பில்லில் போட்டுத் தருவதை நான் வைத்தியம் என்று சொல்லமாட்டேன். பயிரையே பார்க்காமல் மூன்றைக் கலக்கச் சொல்லும் கடைக்கு இனிப் போகாதீர்கள். மாதாமாதம் கைப்பிடி யூரியா வீசும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். யூரியா தரும் தழைச்சத்தை மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டு தவணையாகக் கொடுத்தால் மரம் ஒன்றாகத் துளிர்க்கும், ஒன்றாக முற்றும். இடையில் பூச்சிக்கு இரை இருக்காது.

அடுத்த துளிர்ப்பில், இலை விரல்நகம் அளவு இருக்கும்போதே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு அடியுங்கள். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம் பருப்பு, கொஞ்சம் காதி சோப்பு. சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

புழு தின்ற கோட்டில் பழுப்பாகச் சொரசொரப்பான புள்ளி இருந்தால் அது சொறி நோய், புழுவைவிட எனக்கு அதுதான் கவலை. அந்தக் குச்சியை மட்டும் வெட்டி எரித்துவிட்டு, காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 3 கிராம் அடியுங்கள்.