களப்பணியில் சிக்னல் கிடைக்காமல் வருகைப்பதிவு தவறினால் என்ன செய்வது?

தனுஷ்கோடிப் பகுதியில் களப்பணி பார்க்கும் நீங்கள், செயலியில் வருகை பதியாத நாள்களுக்கு விடுப்பு கழிக்கப்படுவதையும், வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி மறுக்கப்படுவதையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பின்னது நிர்வாகம் தரும் சலுகை. 2020இல் பெருந்தொற்றின்போது கிடைத்ததைக் காட்டி உரிமையாகக் கோர இயலாது.

வருகைப்பதிவு அப்படியன்று. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் கைபேசி இலங்கைக் கோபுரத்தின் அலையைப் பிடித்துக்கொள்ள, செயலி சுற்றிக்கொண்டே நிற்பதை நானும் கண்டிருக்கிறேன்; அதற்காக ஊழியரைத் தண்டிப்பது அநியாயம். ஆகவே அந்தத் திரையை நேரம் தெரியும்படி படமெடுத்து, அன்றே மேலதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பயண நாட்குறிப்பிலும் குறித்துவையுங்கள். உங்களுடையது அரசு அலுவலகமாயின், உங்கள் வருகைப் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி கேட்கலாம். பணிநேரம் முடிந்த பிறகும் இருப்பிடம் கண்காணிக்கப்பட்டால், அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததைச் சுட்டி ஆட்சேபம் எழுதுங்கள்.