மேடை லைட் கம்பெனிகளை எல்லாம் பெரிய கம்பெனிங்க வாங்கிக்கிட்டே இருக்காங்களே, வாடகைக்கு லைட் விடுற சின்ன ஆளுக்கு அதனால என்ன பாதிப்பு?

பாதிப்பு இருக்கு, ஆனா நீங்க நெனைக்கிற இடத்துல இல்ல. வெலை ஏறிடும்னு தானே பயப்படுறீங்க? நீங்க எங்க பக்கத்து ஆளுன்னு கேள்வியப் பாத்தாலே தெரியுது, கைல கொஞ்சம் காசு இருக்கு, சென்னைல ஏதோ பெரிய ரெண்டல்காரங்க கழிச்சு விடுற பழைய மூவிங் ஹெட், அதான் தலைய ஆட்டுற லைட்டு, பாதி வெலைக்கு வருது, வெளிநாட்டுப் பேரு வேற, வாங்கிப் போட்டா தேவிபட்டினத்துல இருந்து மண்டபம் வரைக்கும் நம்மதான் ராஜான்னு கணக்குப் போடுறீங்க. சரியா? அப்ப கொஞ்சம் பொறுமையா படிங்க.

இந்த வாங்குறது விக்கிறதுல முக்கால்வாசி மேடை லைட்டுக்காக நடந்ததே இல்ல. வாரி-லைட்னு ஒரு கம்பெனி, தலைய ஆட்டுற லைட்டுக்கு பேரு வாங்கிக் குடுத்ததே அவுங்கதான், 1981ல ஜெனிசிஸ்னு ஒரு பாட்டுக் குழுவோட டூர்ல எறக்குனாங்க. அவுங்களையும், லண்டன்ல 1914ல ஆரம்பிச்ச ஸ்ட்ராண்டையும், ஜென்லைட்னு ஒரு அமெரிக்க கம்பெனி வாங்கி வச்சிருந்துச்சு. அது ஆபீஸ், தெரு, கடைக்கெல்லாம் லைட் போடுற கம்பெனி. 2008ல பிலிப்ஸ் அந்த ஜென்லைட்ட சுமார் 270 கோடி டாலருக்கு வாங்குனப்ப ரெண்டு பேரும் அதோட போய்ச் சேந்தாங்க. பெரிய பாரை மீன வெலைக்கு வாங்குனா வயித்துல கெடந்த நெத்திலியும் கூட வருமே, அந்தக் கததான். டென்மார்க்குல மேடை லைட் பண்ற மார்ட்டினும் அப்டித்தான், 2013ல ஆடியோ கம்பெனி ஹார்மன் வாங்குச்சு, 2017ல ஹார்மனயே சாம்சங் 800 கோடி டாலருக்கு வாங்குச்சு, சாம்சங்குக்கு வேண்டியது கார்ல வைக்கிற எலக்ட்ரானிக்ஸ், நம்ம மேடை லைட் இல்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இத்தாலி லைட் கம்பெனி க்ளே பாக்கி கததான். 2010ல ஷார்ப்பின்னு ஒரு பீம் லைட்டு, கோடு மாதிரி வெளிச்சம் அடிக்கிறது, எறக்குனாங்களே, இன்னைக்கு எங்க ஊரு சின்னப் பையன் கூட எந்த பீம் லைட்டப் பாத்தாலும் ஷார்ப்பின்னுதான் சொல்றான், அந்த ஒரிஜினலுக்குள்ள இருந்தது பிலிப்ஸ் பல்பு, 189 வாட். நாலு வருஷம் கழிச்சு கம்பெனிய வாங்குனது பிலிப்ஸோட போட்டிக்காரன் ஓஸ்ராம்! எல்இடி வந்தா பல்பு வித்துப் பொழைக்க முடியாது, முழு லைட்டயே விக்கணும்னு பிலிப்ஸ், ஓஸ்ராம் ரெண்டு பேருமே ஓடுனாங்கன்னு நான் நெனைக்கிறேன். அப்பறம் 2020ல ஓஸ்ராமே ஏஎம்எஸ்னு ஆஸ்திரியா கம்பெனி கைக்குப் போச்சு, அதுக்கும் பின்னாடி க்ளே பாக்கி சினிமா கேமரா பண்ற ஆரி கைக்குப் போச்சு.

எல்லாமே கெட்டதுன்னு சொல்லல, அடிக்க வராதீங்க. ஹை எண்ட் சிஸ்டம்ஸ்னு ஒரு அமெரிக்க மேடை லைட் கம்பெனிய, புரொஜெக்டர் பண்ற பார்கோ 2008ல வாங்கி, 2017ல ஈடிசி கிட்ட வித்துச்சு. ஈடிசி முழுக்க மேடைத் தொழில்லயே இருக்கிற கம்பெனி, ஊழியருங்களுக்கும் பங்கு உண்டு. அந்த மாதிரி கைக்குப் போனா நல்லதுதான்.

இப்ப என் கதைக்கு வர்றேன். என்கிட்ட இருந்த செட்டு எந்த கம்பெனின்னு சொல்லமாட்டேன், மேல பேரு சொன்ன யாரும் இல்ல, தேடாதீங்க. கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசம், கடலோர கிராமத்துல முளைப்பாரித் திருவிழா, ராத்திரி நாடகம். நாரதர் வேஷக்காரர் பாடிக்கிட்டே உள்ள வர்றாரு, ஒரு லைட்டு நேரா பந்தல் மேல்பக்கம் பாத்துட்டு நின்னு போச்சு. டிஸ்ப்ளேயும் இல்ல. "என்ன தம்பி, ஒன்னு மட்டும் வானத்தப் பாக்குது, மழை கேக்குதா?"ன்னு கமிட்டிப் பெரியவர் மைக்குலயே கேட்டுட்டாக. கழட்டிப் பாத்தா மோட்டார் போர்டு மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கு, சாக்கெட்டுல பச்சக் களிம்பு. அந்த லைட்டுக்குள்ள ராத்திரி பூரா ஃபேன் ஓடுது, அது இழுக்கிறது பூரா உப்புக்காத்து, வேற என்ன ஆகும்?

போர்டு போறது எங்களுக்குப் புதுசு இல்ல. முன்னாடியெல்லாம் டீலர்கிட்ட ஒரு சர்வீஸ் அண்ணன் இருந்தாரு, சாயங்காலம் போன் போட்டா ராத்திரி ஆம்னி பஸ்ஸுல பார்சல் போட்டு விட்டுருவாரு, காலைல ராம்நாட்ல போய் எடுத்துக்கலாம். கம்பெனி கை மாறுச்சு, டீலர மாத்துனாங்க, அண்ணன் வேற வேலைக்குப் போயிட்டாரு. புது ஆளுங்ககிட்ட கேட்டா, அந்த மாடலுக்கு சப்போர்ட் முடிஞ்சிருச்சு சார், புது மாடல் எடுங்க, டிஸ்கவுண்ட் தர்றோம்ங்கிறாங்க. லைட்டு பின்னாடி அதே லோகோதான் ஒட்டியிருக்கு. கடைசில ராம்நாட்ல செல்போன் ரிப்பேர் பண்ற பையன்தான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுல இருந்து ஐசி வரவச்சு மாத்திக் குடுத்தான், இன்னும் ஓடுது.

அதனால நான் இப்ப பாதிக்கு மேல சைனா குவாங்சோ சரக்குதான் வச்சிருக்கேன், 7ஆர்ங்கிற பல்பு போட்ட 230 வாட் பீம் லைட்டு. சைனா செட்டு ஓட்டுறவன்தானேன்னு நக்கல் பண்றவங்க பண்ணிக்கோங்க. ஒரிஜினலோட வெளிச்சமும் கலரும் இதுல வராது, எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா பல்பு, பல்புக்குக் கரண்ட் குடுக்கிற பேலஸ்ட், டிஸ்ப்ளே போர்டு எல்லாம் நாளைக்கே கெடைக்கும், எங்க நெலமைக்கு அதுதான் வேணும். மதுரைல, கோயம்புத்தூர்ல ஏசி ஹாலுக்குள்ள ஓட்டுறவங்களுக்கு நான் சொல்றது பொருந்தாம போகலாம்.

கன்சோல், அதான் லைட்ட ஆட்டுற கன்ட்ரோல் மேசை, அதப் பத்தி கவலையே படாதீங்க. அதுல இருந்து லைட்டுக்குப் போற சிக்னல் டிஎம்எக்ஸ் 512, எல்லாருக்கும் பொதுவான ஸ்டாண்டர்ட், 1986ல அமெரிக்காவுல யுஎஸ்ஐடிடின்னு மேடைத் தொழில் சங்கம் கொண்டு வந்தது, எவன் எவன வாங்குனாலும் எந்த கன்சோல்ல இருந்தும் எந்த லைட்டும் ஆடும். மாட்டிக்கிறது உள்ள இருக்கிற மோட்டார் போர்டும் சாப்ட்வேரும்தான், அது அந்த அந்த கம்பெனிக்கே சொந்தம்.

இன்னொன்னு, கேக்கலைன்னாலும் சொல்றேன், தொழிலுக்கு வர்றீங்கன்னா தெரிஞ்சுக்கோங்க. கம்பெனி கை மாறுறதெல்லாம் கூட தாங்கிக்கலாம். நாடக ஆளுகளுக்கு அட்வான்ஸ், பந்தலுக்கு அட்வான்ஸ், வேட்டுக்கு அட்வான்ஸ், லைட்டுக்காரன்கிட்ட மட்டும் "உபயமா பண்ணிருங்க தம்பி, நோட்டீஸுல பேரு போட்டுர்றோம்"பாக. போடுவாக, அச்சகம் பேருக்குப் பக்கத்துல, எறும்பு சைஸுல, அதுலயும் தப்பா! 500 ரூபா குடுத்தவரு பேர ராத்திரி பூரா மைக்குல படிப்பாக, ஜெனரேட்டர் டீசலுக்கு நான் கைக்காசு போட்டது யாருக்கும் தெரியாது. எல்லா ஊரும் அப்டி இல்ல, ஒழுங்கா மறுநாளே செட்டில் பண்ற கமிட்டிகளும் இருக்கு, அவுங்க கோவிச்சுக்க வேணாம்.

உங்க விஷயத்துக்கு, வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட ரெண்டு ஸ்பேர் மோட்டார் போர்டையும் சேத்துக் கேளுங்க, அது இல்லாட்டி வெலைய இன்னும் கொறைங்க. மூடியக் கழட்டி உள்ள பாக்காம காசு குடுக்காதீங்க. என்ன மாடல்னு எழுதுனீங்கன்னா அதுக்கு இங்க ஸ்பேர் வருதான்னு விசாரிச்சுச் சொல்றேன், ஆனா பங்குனி சித்திரைல கேக்காதீங்க, அப்ப எனக்குத் தூங்கவே நேரமிருக்காது.