சாக்ஸபோன் கேள்வி பதில்: முதலில் பாடுங்கள், பிறகு ஊதுங்கள்

முப்பது வயதைத் தாண்டியபின் சாக்ஸபோனைக் கையில் எடுத்து, ஜாஸ் முறையில் மனோதர்மமாக, அப்போதைக்கப்போது கற்பனை செய்து வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலும் ஓட்டல் இசைக்குழுக்களிலும் நெடுங்காலம் ஊதியவன். இப்போது மயிலாப்பூரில் பெரியவர்களுக்குச் சொல்லித்தருகிறேன்.

அண்ணா நகர், வயது 52: ஆல்டோ சாக்ஸபோன் வாங்கி ஓராண்டு ஆகிறது. ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) எல்லாம் வருகின்றன. சொந்தமாக வாசிக்கத் தொடங்கினால் மட்டும் ஸ்கேல் மேலும் கீழும் ஓடுகிறதே தவிர, இசையாக வரவில்லை. ஏன் ஐயா?

விரல் முந்திக்கொள்கிறது, காது பின்னால் நிற்கிறது. பெரியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். ஒரு மாதம் ஸ்கேலை மூடி வையுங்கள். சுருதிப் பெட்டியில் சி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆல்டோவில் அதே சுருதியின் பெயர் ஏ. ஏ, சி, டி என்று மூன்றே சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு சொற்றொடரை வாயால் பாடுங்கள். கட்டம் என்று நான் சொல்வது நான்கு எண்ணிக்கை. பாடியதை அப்படியே ஊதுங்கள். அடுத்த இரண்டு கட்டம் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில்தான் அடுத்த சொற்றொடர் பிறக்கும்.

மூன்று சுரம் போதுமா என்று சந்தேகம் வரும். ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் 'சி ஜாம் ப்ளூஸ்' கேளுங்கள். மெட்டு முழுவதும் பஞ்சமமும் ஷட்ஜமும் மட்டுமே. இரண்டே சுரங்கள், அவை எந்த இடத்தில் விழுகின்றன என்பதில்தான் உயிர் இருக்கிறது. வாயால் பாட வராததை விரலால் வாசிக்காதீர்கள். இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

போரூர்: எத்தனை மாதத்தில் மேடையில் வாசிக்கலாம்?

மாதக் கணக்கு என்னிடம் இல்லை. தினமும் 30 நிமிடம் ஊதுகிறவர், ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் ஊதுகிறவரை வெகு சீக்கிரம் முந்திவிடுவார்.

வேளச்சேரி: அடுக்ககத்தில் இருக்கிறேன். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். வாத்தியத்தின் அகன்ற வாயில் துணி அடைத்தால் சத்தம் குறையுமா?

குறையாது. சாக்ஸபோனின் ஒலி வாய் வழியாக மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் ஒவ்வொரு துளையிலிருந்தும் வருகிறது. துணி அடைத்தால் அடி சுரங்கள் கெடும், அவ்வளவுதான். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதை நோக்கி ஊதுங்கள். அண்டை வீட்டாரிடம் நேரம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மீது போய்ச் சாதகம் செய்தார். அவருக்கும் அக்கம்பக்கம் பற்றிய கவலைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். உப்புக்காற்று எஃகு ஸ்பிரிங்குகளைத் துருப்பிடிக்கச் செய்யும்; மணல் சாவிகளுக்குள், அதாவது துளைகளை மூடித் திறக்கும் விசைகளுக்குள் புகும்.

தாம்பரம்: ஸ்விங் என்றால் என்ன? நான் வாசித்தால் பள்ளிப் பிரார்த்தனைப் பாட்டு போல இருக்கிறது.

ஒரு தட்டுக்கு இரண்டு சுரம் வரும்போது நீங்கள் சமமாகப் பாதி பாதியாகப் பிரிக்கிறீர்கள். 'தகிட' என்று சொல்லுங்கள். இப்போது 'கி'யை விழுங்கி 'த'வை அதன்மேல் நீட்டுங்கள்: 'தா...ட, தா...ட'. நிதானமான காலத்தில் ஸ்விங் ஏறக்குறைய தட்டை மூன்றாகப் பிரிக்கும் இந்தத் திஸ்ரம்தான். வேகம் கூடக்கூட இரண்டும் சமத்தை நெருங்கும். அழுத்தம் பெரும்பாலும் அந்தக் குட்டிச் சுரத்தின்மேல் விழட்டும். தாளம் காட்டும் மெட்ரோனோமை 2, 4 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு முதலில் பாடுங்கள்.

திருவான்மியூர்: மூன்று வாரத்தில் ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) கறுத்துப் பூஞ்சை பிடிக்கிறது.

ஊதி முடித்ததும் மவுத்பீஸிலேயே விட்டுவிடுகிறீர்கள். கழற்றித் துடைத்து, காற்றாட உலரவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இதற்கு விலக்கே கிடையாது. நான்கு ரீட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

மயிலாப்பூர்: பதினைந்து ஆண்டுகள் வாய்ப்பாட்டுக் கற்றவள். கற்பனைஸ்வரம் பாடுகிறவருக்கு ஜாஸில் புதிதாக என்ன இருக்கிறது? ப்ளூஸ் ஸ்கேல் என்பது நம் சுத்த தன்யாசிதானே?

அம்மா, சுரங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது கிட்டத்தட்டச் சரி. ஸ க ம ப நி, சாதாரண காந்தாரம் (தாழ்ந்த 'க'), கைசிகி நிஷாதம் (தாழ்ந்த 'நி'). மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே பிரதி மத்திமம் ஒன்றைச் சேர்த்தால் ப்ளூஸ் ஸ்கேல். உங்கள் காதும் தாள உணர்வும் மற்றவர்களுக்குக் கிடைக்காத சொத்து. ஆனால் ராகத்தில் உங்களுக்குக் கீழே தரை அசைவதில்லை, ஜாஸில் அசைகிறது.

ஆல்டோவில் ஜி-யை ஷட்ஜமாக வைத்து 12 கட்ட ப்ளூஸ், அதாவது 12 கட்டம் திரும்பத் திரும்பச் சுற்றிவரும் வடிவம், வாசிப்பதாகக் கொள்வோம். முதல் நான்கு கட்டம் ஜி7 கார்ட் (கார்ட் என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). அதில் பி இருக்கிறது, அதாவது அந்தர காந்தாரம் (உயர்ந்த 'க'). ஐந்தாவது கட்டத்தில் சி7 வருகிறது. அதில் பி-பிளாட் இருக்கிறது, அதாவது சாதாரண காந்தாரம். ஒரே மெட்டுக்குள், அதுவும் இன்ன எண்ணிக்கையில் என்று குறித்து வைத்தாற்போல, காந்தாரம் ஓர் அரைப்படி இறங்குகிறது. ஏழாவது கட்டத்தில் மறுபடி ஏறுகிறது. அந்த இறக்கத்தைச் சரியான நொடியில் தொட்டுக்காட்டினால், பின்னால் பியானோவே இல்லாவிட்டாலும் கேட்பவருக்குக் கார்ட் மாறியது தெரியும். சுத்த தன்யாசியையே 48 எண்ணிக்கையும் பாடினால் இனிமையாக இருக்கும். ஆனால் அந்த நகர்வு கேட்காது.

கீழ்ப்பாக்கம்: ஜாஸில் தரை அசைகிறது என்பதை ஏற்க மாட்டேன். 1959-இல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' இசைத்தட்டில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் கார்ட் மாற்றங்களைக் குறைத்து, ஒரே ஸ்கேலில் நீண்ட நேரம் நிற்கவில்லையா? அது ராகம்தானே? சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் தம் மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்றே பெயர் வைத்தாரே!

பெயர் விஷயம் உண்மை. கோல்ட்ரேன் நம் இசையை ஆழ்ந்து மதித்தார். உங்கள் வாதத்திலும் பாதி சரி. ஆனால் நீங்கள் குறிப்பிடும் அந்த இசைத்தட்டில் முதலில் வரும் 'ஸோ வாட்' எப்படி அமைந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 16 கட்டம் டி-யிலிருந்து கரகரப்பிரியா. பிறகு 8 கட்டம் அதே கரகரப்பிரியா, ஷட்ஜத்தோடு சேர்ந்து அரைப்படி மேலே. மீண்டும் 8 கட்டம் பழைய இடம். இது கிரக பேதமும் அல்ல. கிரக பேதத்தில் சுரத்தானங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆதார ஷட்ஜம்தான் மாறும். இங்கே வீடே பெயர்ந்து போகிறது. தம்புராவை மீட்டிக்கொண்டு இதைப் பாட முடியுமா என்று முயன்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மந்தைவெளி: கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனில் கர்னாடக இசையையே நிலைநாட்டிவிட்டார். பிறகு ஜாஸ் எதற்கு?

அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூப்பத் தோன்றும். நாகஸ்வரத்தில் விரலைத் துளையின்மீது பாதி நகர்த்திக் கமகம் தரலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவியும் மூடியும் இருக்கின்றன. அந்த வாத்தியத்தில் உதட்டாலும் மூச்சாலும் கமகத்தை வரவழைத்தது எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அவரே 2008-இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற ஜாஸ் கலைஞரோடு 'கின்ஸ்மென்' என்ற ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தார். இருவருக்கும் ஆல்டோதான். எது அவர், எது இவர் என்று கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கேட்டுப் பாருங்கள். ஜாஸ் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை என்னிடம் இல்லை.

ஆவடி: எத்தனை மாதத்தில் வரும்?

போரூருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

குரோம்பேட்டை: ஒரு சினிமாப் பாட்டின் நோட்டேஷன் அனுப்ப முடியுமா?

அனுப்ப மாட்டேன். நான்கு வரிப் பாட்டை நீங்களே கேட்டு எடுக்க ஒரு வாரம் ஆகலாம். அந்த ஒரு வாரம்தான் உங்கள் பாடம். முதலில் பாடுங்கள்.

அடையாறு, வயது 61: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஊதலாமா?

இதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

பெரம்பூர்: மேல் சுரங்கள் கீச்சென்று கிழிகின்றன.

கடிக்கிறீர்கள். கீழ்ப்பல் கீழுதட்டை அமுக்கினால் ரீட் அதிர இடமில்லாமல் போய், சுருதி ஏறி ஒலி மெலியும். 'ஊ' சொல்வதுபோல உதட்டோரங்களைக் குவித்துக்கொண்டு, ஒரு சுரத்தை 12 எண்ணிக்கை பிடியுங்கள். அதற்கு முன், அந்தச் சுரத்தைத் தொண்டையால் பாடுங்கள்.

நங்கநல்லூர்: 60 வயதில் தொடங்கலாமா? எத்தனை மாதம் ஆகும்?

தாராளமாகத் தொடங்கலாம். மாதக் கேள்விக்கு இனி பதில் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் மூன்று சுரம் பாடுங்கள்.

மயிலாப்பூர், மீண்டும்: நீங்கள் சொன்னபடி ஜி-யில் சுருதி வைத்து, விரல்விட்டு எண்ணிக்கொண்டே பாடினேன். ஐந்தாவது கட்டத்தில் காந்தாரத்தை இறக்கியபோது உடம்பு சிலிர்த்தது. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

எதையும் திரும்பப் பெற வேண்டாம் அம்மா. சுத்த தன்யாசி உங்களிடம் இருந்ததால்தான் ஒரே நாளில் அது கேட்டது. அடுத்து ஒன்பதாவது கட்டம். அங்கே டி7 வருகிறது. ஜி7-இல் எஃப் ஆக இருந்த கைசிகி நிஷாதம், எஃப்-ஷார்ப் ஆகி, காகலியாக ஏறும். பத்தாவது கட்டத்தில் சி7 வரும்போது சாதாரண காந்தாரத்துக்கு வாருங்கள். ஒரு வாரம் பாடுங்கள். வாத்தியத்தை அதன்பிறகு எடுக்கலாம்.