வருஷா வருஷம் பைபிள் வாசிப்பு லேவியராகமத்துல நின்னுபோகுது, ஜெபத்துல, நன்றி சொல்லவும் வரலைன்னு கேட்டவங்களுக்கு

லேவியராகமத்தை அப்படியே விட்டுட்டு லூக்கா சுவிசேஷத்துக்குப் போங்க சிஸ்டர், 24 அதிகாரம்தான், தினம் ஒண்ணு படிச்சாலும் ஒரு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கு முந்தின யாத்திராகமம் பாதி வரைக்கும் கதையா ஓடும், லேவியராகமம் 27 அதிகாரமும் பெரும்பாலும் பலி, தீட்டுன்னு சட்டம், அதான் நிக்குது, உங்க விசுவாசத்துல குறை இல்ல. மத்தியானம் வீட்டு முகப்புல உக்காந்து படிக்காதீங்க, காரைக்குடி வெயிலுக்கு ரெண்டாம் வசனத்துலயே கண்ணு சொக்கிரும்.

நன்றிக்கு ராத்திரி சங்கீதம் 136 எடுங்க. 26 வசனமும் ஒரே மாதிரி முடியும், நடுநடுவுல நம்மளுதையும் சொருகிப் பாருங்க: குழாய்ல தண்ணி வந்துச்சு, அத்தைக்கு சுகர் குறைஞ்சுச்சு. நான் பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதுறேன், தனி டைரியெல்லாம் நமக்கு ஆகாது.

ஆனா வாரக்கணக்கா தூக்கமில்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா ஜெபத்தோட டாக்டரையும் பாருங்க.